வீட்டை விற்க எடுத்த படங்கள்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். வீட்டை விற்கப் போகிறோம், தரகர் படம் கேட்கிறார், நீயே எடுத்துக் கொடுத்துவிடு என்றான். ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுக்கிறவள் நம் வீட்டு நாலு சுவரை எடுக்க மாட்டாயா என்று ஒரு குத்தல் வேறு. அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறானாம். அம்மாவை யாராவது கேட்டார்களா? கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பாள். அது சம்மதமா கோபமா என்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

போனேன். ஹாலை எடுக்க நின்றவள், என்னையறியாமல் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் தூக்கம் கலைந்து எழுந்துவந்து கதவோரம் நின்று பார்ப்பேனே, அந்த உயரம். ஜன்னலோரம் அப்பாவின் மர நாற்காலி. அதன் கைப்பிடியில் சாய்ந்த வெயில். படத்தின் முக்கால் பங்கை வெறுமையாக விட்டேன். இடம் இருந்தால்தான் பார்ப்பவர் மனசு உள்ளே போய் உட்காரும். அம்மா மூலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஓரத்தில் சின்னதாக விழட்டும் என்று விட்டேன்.

திரும்பி வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். ஓரங்களை இருட்டாக்கி, வெயிலில் கொஞ்சம் மஞ்சள் கூட்டினேன். சுவர் விரிசலைத் தொடவில்லை. அப்பா இப்போது உள்ளேயிருந்து வந்து, பேப்பரை உதறிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருவார் போலிருந்தது. அழுதேன். பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 7, வெள்ளி

தரகர் பேசினார். அண்ணன் அவருக்கு வைத்திருக்கும் பேர் 'பத்து நிமிஷம்'. எப்போது கேட்டாலும் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்வாராம்.

"படம் பிரமாதம் மேடம். ஆனா பாத்தா துக்கம் விசாரிக்கத் தோணுது, வீடு வாங்கத் தோணல."

அகலமாக, வெளிச்சமாக வேண்டுமாம். பழைய நாற்காலி இருக்கக் கூடாதாம். வீடே பழசாகத் தெரிகிறதாம். அதுல உக்காந்து பாத்திருக்கியாய்யா நீ?

மார்ச் 8, சனி

அன்றைக்கு அகல லென்ஸில் எடுத்த இன்னொரு படத்தை வெளிச்சமாக்கினேன். நாற்காலியை அழித்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சரியாகக்கூடப் பார்க்காமல் அனுப்பித் தொலைத்தேன். யாரும் வாங்கக் கூடாது. ஆமா, வாங்கக் கூடாது. இப்ப என்னங்கிற?

மார்ச் 12, புதன்

விளம்பரம் வந்துவிட்டது. நாற்காலி இல்லை, தரையில் அதன் நிழல் மட்டும் நான்கு காலோடு நீளமாகக் கிடக்கிறது. அழிக்க மறந்திருக்கிறேன் — பெரிய தொழில்காரி!

மார்ச் 15, சனி

வீடு பார்க்க வந்தவர்கள் படத்தைக் காட்டி, இங்கே பேய் கீய் ஏதாவது உண்டா என்று கேட்டார்களாம். எனக்குச் சிரித்து மாளவில்லை. நான் வேண்டுமென்றே செய்ததாக அண்ணன் குதித்தான். என் எல்லாப் படத்தையும் அம்மாவிடம் காட்டி நியாயம் கேட்டிருக்கிறான். சாயங்காலம் போனேன். அம்மா போனில் என் முதல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகாத்தான்டி இருக்கு. ஆனா அந்த மூலைல இருக்கிறது நான்தானே?"

வெறுமை இருந்தால்தான் படத்தில் ஒரு உணர்ச்சி வரும் என்று விளக்க ஆரம்பித்தேன். மண்டு நான். அம்மா முடிக்க விட்டாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்:

"நீ விட்டிருக்கியே அந்த இடம், அதுலதான் நான் தினமும் இருக்கேன். நீ அழகா இருக்குன்னு பாத்துட்டுப் போயிடற. உங்கண்ணன் என்னைக் கூப்பிடல. நான்தான் வரேன்னு கேட்டேன்."

உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். நாற்காலியைத்தான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் முகத்தை ஒரு தடவைகூட இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

நிழலையும் அழித்து அனுப்பினேன்.

ஜூன் 1, ஞாயிறு

வீடு கைமாறிவிட்டது. சாவி கொடுக்க நான் போகவில்லை, முடியவில்லை. இன்று அண்ணன் வீட்டில் சாப்பாடு. அப்பாவின் நாற்காலி வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எப்படியோ நுழைந்திருக்கிறது. அதில் அம்மா, மடியில் பேத்தியின் ஸ்கூல் பை. அண்ணி ஏதோ சொல்ல, வாயில் சோற்றோடு சிரிக்கிறாள். எடுத்தேன். டியூப்லைட் வெளிச்சம், குறுக்கே அண்ணியின் முழங்கை, பின்னால் காய்கிற துணி. ஒரு விரல் வைக்க இடமில்லை.

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். பிடித்திருக்கிறது போல, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

"இதையும் கொண்டுபோய் இருட்டாக்கிடாதடி."