மேசைமேல் இருக்கும் புது ரீல்

ஷாமினி,

நைட் ஷிப்ட் முடிந்து களைத்து வந்திருப்பாய். இட்லி சட்டியில் இருக்கிறது, சட்னி ஃபிரிட்ஜில். தூங்குவதற்கு முன் இதைப் படித்துவிடு.

புரட்டாசி விரதம் நேற்றோடு முடிந்தது! மத்தியானம் கோலா லிங்கிக் கடலில் மீன் பிடிக்க நமக்குப் படகு பேசியிருக்கிறேன். நாக்கு மீன் நிறைய மாட்டுகிறது என்று படகுக்காரர் படம் அனுப்பியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூண்டிலுக்கு இறால் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

நேற்று தூண்டில் ரீல் பார்சலைப் பிரித்ததும், "ஏற்கெனவே ஒரு ரீல் இருக்குலா, இது யாருக்கு?" என்று கத்தினாய். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மேசைமேல் வைத்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார். லோ புரொஃபைல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாக்கு மீன் மணலில் படுத்தபடி மெல்லத்தான் கொத்தும். கட்டைவிரல் நூல்மேல் இருந்தால் அது கொத்துவது தெரியும். உப்புத் தண்ணீரையும் தாங்குமாம்.

இப்போது கைப்பிடியைப் பார். இடது பக்கம் இருக்கிறதா? இந்த வகை ரீலில் அதை மாற்றிப் போட முடியாது. எனக்கு இடது கையால் ஒரு சுற்றுகூட வராது. போன தடவை என் ரீலை வலது கையால் சுற்றத் தடுமாறி, மீனை விட்டுவிட்டு, படகே அதிரக் கத்தியது யார்?

இந்த ரீல் அவளுக்குத்தான்.

தூங்கு. நான் வந்து எழுப்புகிறேன்.

திலீப்

பி.கு.: மீன் குழம்புக்குப் புளி ஊறப் போட்டாச்சு. நீ பிடிக்காவிட்டால் நம் வீட்டில் இன்னும் ஒரு நாள் புரட்டாசி.