சம்பந்தியும் நானும் இரண்டு மெஷின்களும்

3 ஜூலை 2024, புதன்

இன்றும் அறுத்துக்கொண்டு போய்விட்டான். அதே மூலை. வீட்டுக்குப் பக்கத்து ஈயக்குட்டையில், ஈயம் தோண்டிய பள்ளத்தில், செத்த மரங்கள் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற இடம். பொம்மை மீனை வீசிச் சுற்ற ஆரம்பித்ததுதான், தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. நல்ல பெரிய பாஸ் மீன். வாலில் மயில் கண் மாதிரி இருக்கும் அந்தப் புள்ளியைக்கூடப் பார்த்தேன். நேரே மரத்துக்குள் புகுந்தான். தூண்டில் நரம்பு பட்டென்று போயிற்று.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. கரையில் தனியாக நின்று சிரிக்கிற கிழவியைப் பார்த்து மோட்டாரில் போனவன் வேகம் கூட்டினான்.

பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்து ஓய்ந்த பிறகு பிடித்த பழக்கம் இது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானும் ஒருவரையும் கேட்கவில்லை. பார்த்தேன், செய்தேன், தப்பானது, மறுபடி செய்தேன். அவ்வளவுதான்.

8 ஜூலை

போனேன். மழை. மீன் இல்லை, சளி பிடித்தது.

14 ஜூலை, ஞாயிறு

ஷர்மினிக்கு வளைகாப்பு. ஈப்போவில், சிலிபினில், சம்பந்தி வீட்டில். என் மகள் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த அழகை எழுத எனக்குத் தெரியாது. விட்டுவிடுகிறேன்.

தெரிந்ததை எழுதுகிறேன். நான் விடிவதற்கு முன் எழுந்து கிளறிக் கொண்டுபோன புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் பின்வரிசையில். கேட்டரிங்காரன் பாத்திரங்கள் முன்வரிசையில். யாரும் வேண்டுமென்று செய்யவில்லையாம்; சம்பந்தியின் மனைவி சொர்ணம் சொன்னார். சரி. கல்யாணத்திலும் வேண்டுமென்று செய்யவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நான் முறைப்படி கேட்டேன்: தலைப் பிரசவம், பிள்ளையை எங்கள் வீட்டுக்கு, பத்து காஜாவுக்கு, எப்போது அனுப்புவீர்கள்? சம்பந்தி சிவசுப்பிரமணியன் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "எதுக்கு சம்பந்தியம்மா? இங்க ஏர்கோன் இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல. பத்தியத்துக்கு ஆளும் புக் பண்ணியாச்சி."

இவர் ஹார்ட்வேர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, நான்கு வருடமாக மீன் பிடிக்கிறார். நரம்பு சுற்றும் மெஷினுக்கு வெல்வெட் பை. நான் பிடிப்பதும் அவருக்குத் தெரியும். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"நீங்க இன்னும் அந்த ஸ்பின்னிங்தானா? அது சின்னப் புள்ளைங்க விளையாடுறது லா. பாஸ் புடிக்கணும்னா பெய்ட்காஸ்ட்டர்."

"மீனுக்கு மெஷின் பேரு தெரியுமா சம்பந்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. அவரும் சிரித்தபடி சொன்னார்: "அப்படின்னா ஒண்ணு செய்வோம். மெர்டேக்கா அன்னிக்கு, ஆகஸ்ட் முப்பத்தொண்ணு, உங்க குட்டையிலயே போட்டி. யாரு பெரிய பாஸ் புடிக்கிறாங்களோ, அவங்க வீட்டுலதான் பத்தியம். போலே? முடியுமா?"

மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. "போலே" என்றேன்.

வாசல்வரை மாப்பிள்ளை யுவன் ஓடிவந்தார். "அத்தை, அப்பா சும்மா ஜோக் அடிச்சாரு."

"உங்கப்பா சொன்ன பேச்ச மாத்துவாருங்கிறீங்களா மாப்பிள்ளை?"

பாவம், எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். கார் ஏறும்வரை எனக்குக் கோபம். வழியில் குழாய்த்தண்ணீர் டாங்கியைத் தாண்டும்போது வாயில் பாட்டு வந்தது. ஏன் இவ்வளவு சந்தோஷம்? சண்டை கிடைத்த சந்தோஷமா?

20 ஜூலை

ஈப்போவில் தூண்டில் கடைக்குப் போய் பெய்ட்காஸ்ட்டர் வாங்கிவிட்டேன். எதிரியின் ஆயுதம் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான். வேறு எதற்குமில்லை.

கடைக்காரச் சீனன் அதை என் கையில் கொடுக்கவே இல்லை. "ஆன்ட்டி, இது சூசா. ஸ்பின்னிங் எடு, ஆன்ட்டிக்கு அதுதான் செனாங்." இன்னொருவன்! சுலபமானதைத்தான் நான் எடுக்க வேண்டுமென்று இந்த ஈப்போவில் எல்லோரும் கூடி முடிவு செய்துவிட்டார்களா? அவன் சொன்னதற்காகவே வாங்கினேன்.

22 ஜூலை

இடியாப்பம்.

வேறு சொல் இல்லை. மெஷின் முழுக்க இடியாப்பம். நரம்பின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் திடலில் வீசினேன். நட்டு என் காலடியில் விழுந்தது. உருளை மட்டும் நிற்காமல் சுற்றி, நரம்பையெல்லாம் பிழிந்து தள்ளிவிட்டது. கேண்டீனில் அத்தனை வருடம் பிழிந்ததெல்லாம் திரும்பி வந்த மாதிரி. சிக்கெடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

23 ஜூலை

இடியாப்பம்.

26 ஜூலை

விஷயம் இதுதான். ஸ்பின்னிங் மெஷின் கோலுக்கு அடியில் தொங்கும். அதன் உருளை சுற்றாது. நரம்பு தானாக உதிர்ந்து போகும், நான் வேடிக்கை பார்க்கலாம். பெய்ட்காஸ்ட்டர் கோலின் முதுகில் உட்காரும். உருளையே சுற்றும். அதற்கு பிரேக் என் கட்டைவிரல். பொம்மை மீன் தண்ணீரைத் தொடும் நொடியில் அழுத்த வேண்டும். முன்னால் அழுத்தினால் விழுந்துவிடும். பின்னால் அழுத்தினால் — அதான், இடியாப்பம்.

ஆனால் பிடித்த மீனை மரத்துக்குள் விடாமல் இழுக்கிற முரட்டு பலம் அதற்கு இருக்கிறது. இதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

4 ஆகஸ்ட்

விழுந்துவிட்டது!! வாளிக்குள்!!

திடலின் அந்தக் கோடியில் சிவப்பு வாளி வைத்திருந்தேன். வீசினேன், கட்டைவிரல் உருளையை வருடிக்கொண்டே இருந்தது, அழுத்தச் சொல்லி யாரோ விரலுக்குள்ளேயே சொன்ன மாதிரி அழுத்தினேன். டங்! நான் குதித்தேன். முட்டிவலிக்காரி குதித்தேன்.

பக்கத்து வீட்டுப் புனிதா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அலாமா, வாளிக்குள்ள மீன் இருக்காக்கா?" என்றாள்.

"இருக்கு. சிலிபின் சம்பந்தி மீன்."

மறுபடி வீசினேன். டங். இன்னொரு தடவை. வாளிக்கு வெளியே. பரவாயில்லை. மறுபடி. டங்! இருட்டும்வரை அந்தச் சத்தம்தான். பெய்ட்காஸ்ட்டரில் ஒரு ருசி இருக்கிறது. ஸ்பின்னிங்கில் மீன்தான் சந்தோஷம். இதில் வீசுவதே சந்தோஷம்.

11 ஆகஸ்ட்

ஷர்மினி சொல்லாமல் வந்துவிட்டாள். கையில் கிடைத்த இடம் அரிசி வாளி. மெஷினை அதற்குள் அமுக்கி மூடினேன். அவள், "ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். எப்படி என்று கேட்டேன். "திருடுன மாதிரி."

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது உதைத்தது. இந்தப் பிள்ளையின் முதல் குளியலை நான்தான் ஊற்ற வேண்டும். காலை நீட்டிப் போட்டு, எண்ணெய் தேய்த்து — புக் பண்ணிய ஆளா ஊற்றுவாள்? முடியாது. முடியவே முடியாது.

25 ஆகஸ்ட்

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். வினை எங்கே இருக்கிறது பார்.

பெய்ட்காஸ்ட்டர் கொண்டுபோய் ஜெயித்தால் மகள் வருவாள். ஆனால் அவர் என்ன சொல்வார்? "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன் லா." சாகும்வரை சொல்வார். பேரப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பார்.

ஸ்பின்னிங் கொண்டுபோய்த் தோற்றால் மகள் வரமாட்டாள்.

மகளா, சொன்ன சொல்லா? ஒரு தாய் இப்படி யோசிக்கலாமா? யோசிக்கிறேனே.

30 ஆகஸ்ட்

ஸ்பின்னிங்தான். முடிவு. சொன்னது சொன்னதுதான்.

(மற்றதையும் பாயில் சுருட்டி எடுத்துக்கொள்கிறேன். மழை வந்தால் பாய் தேவைப்படும்.)

31 ஆகஸ்ட், சனி

வரிசையாக எழுத வேண்டும்.

சம்பந்தி தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு வந்தார். மாப்பிள்ளை மீனை அளக்கவும் நேரம் பார்க்கவும் வந்தார்; மதியம்வரை கணக்கு. ஷர்மினிக்குக் குட்டைக்கரை ஆகாது என்று வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். பத்தாததற்குக் காற்று. எங்கள் முகத்துக்கு நேரே அடித்தது.

சம்பந்தி முதல் வீச்சு. பொம்மை மீனைக் காற்று பாதியிலேயே பிடித்து நிறுத்தியது. உருளை நிற்கவில்லை. இடியாப்பம்! எனக்கு அந்த வலி தெரியும், ஆனால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. என் ஸ்பின்னிங்குக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. சின்னதாக ஒன்று பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, முன்னதைவிடக் கொஞ்சம் பெரியது. மாப்பிள்ளை அளந்தார். விட்டோம்.

அவர் சிக்கெடுத்தார். வீசினார். மறுபடி சிக்கு. கடைசியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, நகத்தால் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மணி போய்க்கொண்டிருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். ஜெயம்.

சும்மா உட்கார முடிகிறதா? காற்று ஓய்ந்தது. மரமூலையில் தண்ணீர் புரண்டது. அவன்தான். அங்கே ஸ்பின்னிங் போனால் அறுக்கும், தெரியும். கட்டைவிரல் அரித்தது. சத்தியமாக அரித்தது.

"சம்பந்தி, இதப் புடிங்க" என்று என் ஸ்பின்னிங்கை அவர் மடியில் வைத்தேன்.

"வேணாம் சம்பந்தியம்மா, பாவம் பாத்துக் கொடுக்கிறீங்களா?"

"பாவமும் இல்ல, பால்கோவாவும் இல்ல. எனக்கு வேற வேலை இருக்கு."

பாயை விரித்தேன். மெஷினை எடுத்தேன். சம்பந்தியின் வாய் திறந்தது, மூடவில்லை. வீசினேன். இரண்டு மரத்துக்கு நடுவே, வாளிக்குள் விழுகிற மாதிரி, சத்தமில்லாமல் விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒன்று வீசியதில்லை.

"அம்மாடி, என்னா வீச்சு!" இது அவர்தான் சொன்னார். காது குளிர்ந்தது.

அவன் கடித்தான். இழுத்தேன். மரத்துக்கு விடவில்லை, கால்வாசித் தூரம் கொண்டுவந்துவிட்டேன். ஒரு குதி குதித்தான், தலையை உதறினான், கொக்கி கழன்று பறந்து வந்து என் தொப்பியில் குத்தியது. போய்விட்டான். நான் சிரித்தேன். சம்பந்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் சும்மா எறிந்த என் ஸ்பின்னிங்கில், வெட்டவெளித் தண்ணீரில், ஒரு பாஸ் மாட்டியது. என் மீன்கள் இரண்டையும்விடப் பெரியது. மாப்பிள்ளை அளந்துவிட்டு இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் குட்டையைப் பார்த்தார்.

நேரம் முடிந்தது.

ஸ்பின்னிங்கே போதும் என்ற பேச்சில் ஜெயித்தேன். மகளைத் தோற்றேன். கோலை நானேதான் மடியில் வைத்தேன். யாரைக் குறை சொல்வது? குறை சொல்ல ஆளில்லாமல் போனது எனக்கு இதுதான் முதல் தடவை.

1 செப்டம்பர்

காலையில் சம்பந்தி போன் பண்ணினார். "சம்பந்தியம்மா, நீங்கதான் ஜெயிச்சீங்க. உங்க மெஷின்ல விழுந்தது உங்க மீனு."

தோற்றவளுக்குப் பிச்சையா? "புடிச்சது உங்க கை. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"ஸ்பின்னிங்ல ஜெயிச்சேன்னு நான் வெளிய சொல்ல முடியுமா? மானம் போயிரும் லா."

"அது உங்க மானம். எனக்கு எதுக்கு அந்த மீனு?"

"நீங்கதான்!"

"நீங்கதான்!"

நடுவில் ஷர்மினி குரல். போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள்! "ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் என்ன கோப்பையா? போன வாரமே பெட்டி கட்டிட்டேன், அம்மா வீட்டுக்குத்தான். அம்மா ஊத்துற தண்ணிதான் எனக்கு வேணும். சொர்ணம் அத்தையும் கூட வர்றாங்களாம், அவங்களே கேட்டாங்க. ஆனா ஒரு கண்டிஷன். பத்தியம் முடியிறவரைக்கும் அந்த வீட்டுல மெஷின் பேச்சு யாரும் எடுக்கக் கூடாது."

பெட்டி கட்டிவிட்டாளாம். போன வாரமே! அப்படியென்றால் நான் எதற்கு இடியாப்பம் பிழிந்தேன்?

சம்பந்தி மானத்துக்காகச் சொன்னாரா, மனசு வந்து சொன்னாரா? தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

17 செப்டம்பர்

பேத்தி. இரண்டரைக் கிலோ சொச்சம். தொண்டை அப்படியே என்னுடையது, நர்ஸே காதைப் பொத்தினாள்.

22 செப்டம்பர்

முதல் குளியல் ஊற்றினேன். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

6 அக்டோபர்

சம்பந்தி பேத்தியைப் பார்க்க வந்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம். வெயிலைப் பேசினோம். பெட்ரோலைப் பேசினோம். அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. குட்டைப்பக்கமிருந்து சளக் என்று சத்தம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம். ஷர்மினி முறைத்தாள்.

15 அக்டோபர்

சொர்ணம் சம்பந்தியம்மா உலை வைக்க அரிசி அள்ளப் போனவர், உள்ளேயிருந்து கூப்பிட்டார்: "ஏங்க, உங்க ஊருல அரிசிக்கு மெஷின் போட்டுத்தான் வைப்பீங்களா?"

மகளின் கண்டிஷனுக்குப் பயந்து மறுபடி அங்கேதான் அமுக்கி வைத்திருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கல்யாணத்திலிருந்து இந்த அம்மாவோடு நான் சரியாகப் பேசியதே இல்லை. என்ன நல்ல அம்மா!

2 நவம்பர், சனி

பத்தியம் முடிந்தது. தீபாவளிப் பலகாரமும் முடிந்தது. விடியும்போதே வாசலில் கார் சத்தம். சம்பந்தி. பின்சீட்டில் ஒரு கோல், கவரைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. மெஷின் கோலுக்கு அடியில் தொங்கியது. நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"காத்து அடிச்சா தேவைப்படும் லா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று அந்தக் குட்டைக்குத்தான் தெரியும்.

உள்ளேயிருந்து சொர்ணம் குரல்: "சம்பந்தியம்மா, அரிசி வாளிய வெளிய வச்சிட்டேன். போய்ட்டு வெயிலுக்கு முன்னாடி வந்துருங்க. பாப்பாவுக்குத் தண்ணி ஊத்தணும்."