கயானாக்காரனின் பறை

மகள் வாங்கி வந்த சீனிப் பை குசினி மேசையில் இருக்கிறது. மண்ணிறச் சீனி. பையின் மேல் பெரிய எழுத்தில் டெமராரா என்று போட்டிருக்கிறது. அது உன் ஆறு. எங்கே செய்தது என்று திருப்பிப் பார்த்தேன். உன் கயானா இல்லை, வேறு நாடு. ஆற்றின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கரண்டி போட்டுத் தேநீர் குடித்தேன். நீ போய் ஏழு மாதமாகிறது. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

நாம் ஆங்கிலத்தில்தான் பேசினோம். உன்னை நீ என்பதா நீர் என்பதா என்று நான் தீர்மானிக்க வேண்டி வரவேயில்லை. இப்போது நீ என்று எழுதுகிறேன். உன் பேச்சையும் என் தமிழில் எழுதுகிறேன். எனக்கு இப்போது அப்படித்தான் கேட்கிறது.

எண்பத்தாறில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், செவன் ஹில்ஸில் குழாய் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நேர அட்டைகளின் வரிசையில் உன்னுடையது எனக்கு அடுத்தது. அதில் இருந்த குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர். ஆங்கில எழுத்தில் நசிந்து கிடந்தது. "தமிழோ?" என்று கேட்டேன். பெயரைக் காட்டிக் கேட்டதால் விளங்கிக்கொண்டு சிரித்தாய்.

"பேர் மட்டும்தான் மிச்சம், ஜஹாஜி. பாஷை கடலுக்குள்ள விழுந்திட்டுது."

ஒரே கப்பலில் வந்த கூலிகள் ஒருவரையொருவர் அப்படி அழைப்பார்கள் என்றாய். நான் விமானத்தில் வந்தவன் என்றேன். "அதுக்கென்ன, ரெண்டு பேரையும் ஆரோ துரத்தித்தானே விட்டவங்கள்" என்றாய்.

சாப்பாட்டு அரைமணி நேரங்களில் உன் நாட்டை எனக்குச் சொன்னாய். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் கரை, அதைக் காக்கும் நீண்ட சுவர், சுவருக்கு இப்பால் கரும்பு. அடிமைகள் விடுதலையாகித் தோட்டத்தை விட்டுப் போனதும், அந்த இடத்துக்குக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களை ஒப்பந்தம் எழுதி ஏற்றினார்கள். உன் பூட்டன் சென்னைக் கப்பல். பிறகு சுதந்திரம். கரும்புத் தோட்டமும் பொக்சைட் சுரங்கமும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கஜானா வற்றியது. வெளிநாட்டிலிருந்து வரும் கோதுமை மாவைத் தடைசெய்தார்கள். நீ இரவல் வள்ளத்தில் எல்லை ஆற்றைக் கடந்து சுரிநாமிலிருந்து மா கடத்தினாய். பிள்ளையின் தொட்டிலுக்கு அடியில் ஒளித்தாய். "கரும்பு எங்களைக் கொண்டுவந்தது, ரொட்டி எங்களைக் கலைச்சது" என்பாய்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சமெல்லாம் நூலகத்தில் நானே படித்தது. உன் நாட்டைப் பற்றி அங்கே கிடைத்த எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வந்து உன்னையே திருத்தினேன். "நீ பிறந்தியோ நான் பிறந்தனானோ அங்க?" என்று கேட்பாய். பிறந்தால் மட்டும் போதாது என்பேன். இப்படி எல்லாவற்றுக்கும் வாய் இருந்தவன் நான். அதை நீ மறக்கக்கூடாது.

ஒரு ஞாயிறு உன் வீட்டுக்குக் கூப்பிட்டாய். கம்பளியில் சுற்றி வைத்திருந்ததை அவிழ்த்தாய். மரவளையம், ஆட்டுத்தோல், இரண்டு குச்சி. பின்வளவில் பழைய பத்திரிகைகளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினாய். பிறகு நின்றபடி அடித்தாய். உங்கள் மாரியம்மனுக்கு அது இல்லாமல் பூசை இல்லை. அடிப்பவருக்குத்தான் முதல் மாலை என்றாய். உன் தாயார் அதைத் தொடுமுன் குளிப்பாராம். பிறகு கேட்டாய்.

"உங்கட ஊரில இதுக்கென்ன பேர்? ஆர் அடிக்கிறவை?"

எனக்குத் தெரியும். பறை. செத்த வீட்டுக்கு அடிக்க வருவார்கள். எங்கள் படலைக்கு வெளியேதான் நிற்பார்கள். அவர்களுக்குச் சிரட்டையில் தேநீர் கொடுத்தது என் கை. பத்து வயதில், வீட்டார் சொன்னபடி கொடுத்தேன். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"எங்கட ஊரில இது இல்லை" என்றேன்.

எங்கள் ஊர் ஆட்களின் கோயில் அப்போது வாடகை மண்டபத்தில் நடந்தது. நான் நிர்வாகக் குழுவில் இருந்தேன். ஆண்டுத் திருவிழாவில் அடிக்க ஆசை, கேட்டுச் சொல் என்றாய். "உன்ர ஆக்களின்ர அம்மனுக்கு முன்னால ஒருக்கா" என்றாய். கூட்டத்தில் கேட்டேன். செயலாளர் பேனையை மூடினார்.

"அண்ணை, செத்தவீட்டுப் பறையைக் கோயிலுக்குள்ள கொண்டாறதோ? விசர்க்கதை கதையாதேங்கோ."

"அந்தாள் ஆரெண்டு விசாரிச்சனீங்களோ? கப்பலில போனதுகள் எல்லாம் ஆரெண்டு தெரியாதோ?" என்றார் பொருளாளர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கூட்டக் குறிப்பில் ஒரு சொல் பிழையென்றாலும் ஒரு மணித்தியாலம் வாதாடுகிறவன் நான். அன்று பேசாமல் இருந்தேன். உன்னிடம் வந்து, மண்டபக்காரர் சத்தம் கூடாது என்கிறார்கள் என்றேன்.

"வெள்ளைக்காரனுக்கு எங்கயும் அதே காதுதான்" என்று சிரித்தாய்.

திருவிழாவுக்கு நீ மனைவியோடு வந்தாய். வெள்ளைச் சட்டை. கையில் ஒன்றுமில்லை. சிங்கப்பூரிலிருந்து அழைத்த தவில்காரர் இருவர் மண்டபம் அதிர அடித்தார்கள். வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அர்ச்சனைத் தட்டுகளை அடுக்கினேன். திங்கட்கிழமை வழமை போல உன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தாய். ஒன்றும் கேட்கவில்லை. கோயிலுக்குப் பிறகு வரவுமில்லை.

பல வருடம் கழித்து, நீ படுத்த ஆஸ்பத்திரிக்கு நான் கடைசியாக வந்தது அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளத்தான். பரமட்டாவில் பேருந்து மாறும்போது சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் ஒழுங்கு பண்ணிக்கொண்டேன். உன் மனைவி தேநீர் வாங்கப் போனார். நான் வாய் திறக்குமுன் நீ கண்ணை மூடியபடி சொன்னாய்.

"அண்டைக்குக் கோயில்ல மேளம் நல்ல சத்தம், என்ன?"

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். நான் ஒழுங்கு பண்ணியது எல்லாம் அப்படியே இருக்கிறது. உன்னை எரித்த அன்று உன் மைத்துனர் உன் பறையை அடித்தார். வந்த தமிழர் நான் ஒருவன்தான். 'இல்லை' என்று உனக்குச் சொன்ன சொல் இன்னும் வாயில்தான் இருக்கிறது. சாப்பிடும்போதும் இருக்கிறது.

செயலாளரோடு பிறகு வேறு காரணங்களுக்காகப் பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்தேன். பிழை அவருடையது என்று வைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. இப்போது கோயிலுக்குச் சொந்தக் கட்டிடம் உண்டு. சத்தம் கூடாது என்று சொல்ல மண்டபக்காரர் இல்லை. போன மாதப் பொதுக்கூட்டத்தில் எழுந்தேன். திருவிழாவில் பறை அடிக்க வேண்டும், அடிப்பவருக்கு முதல் மாலை போட வேண்டும் என்று பிரேரித்தேன். நான் முன்பு ஒரு நண்பனிடம் பொய் சொன்னதையும், மண்டபக்காரர் மேல் பழி போட்டதையும் சொன்னேன். சிரட்டையையும் சொன்னேன்.

பிறகு தலைவர், வயதில் என் மகனை ஒத்தவர், மரியாதையாகச் சொன்னார்.

"அங்கிள், வழிமொழிய ஆளில்லை. இருங்கோ."

நான் கதிரையில் இருக்கவில்லை. அடுத்த விடயத்துக்குப் போனார்கள். வாகனத் தரிப்பிடம், பிறகு சமையலறைத் திறப்பு யாரிடம் இருப்பது என்பது. நான் நின்றேன். கூட்டம் முடிந்து கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்கள். என் கதிரையையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்.