கூட்டு ரோட்டில் பதினேழு கோல்

நவம்பர் 9, 2025

வேலூர்–திருப்பதி ட்யூட்டி. பூதலப்பட்டு தாண்டியதும் ஒரு டூவீலர்க்காரன் பக்கம் பார்க்காமல் சாலையில் ஏறிவிட்டான். பின்னால் மனைவி, மடியில் கைக்குழந்தை. பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் இடைவெளிதான் இருந்திருக்கும். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். பஸ்ஸுக்குள் எனக்குத்தான் அர்ச்சனை. "இன்னாய்யா ஓட்டுற?" ஒரு அம்மாவின் தூக்கிலிருந்து சாம்பார் கொட்டிவிட்டதாம்.

சந்திரகிரியில் டீக்கு நிறுத்தியபோது மகள் சந்தியாவின் போன், லடாக்கில் லேவிலிருந்து. "நைனா, இந்தியா டீம்ல என் பேரு வந்துட்ச்சு. டிசம்பர்ல நாலு நாட்டுப் போட்டி, வெளிநாட்டுல." மூச்சு வாங்கப் பேசினாள். நான் "துன்னியாம்மா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

ஐஸ் ஹாக்கி. குடிபாலாவிலிருந்து. என் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அவருடைய பேத்தி. எழுதிப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நவம்பர் 10

டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். என் பஸ் கண்டக்டர் நாகபூஷணம் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கேட்டான்: "பாப்பா எத்தினி கோல் போட்டுக்கீதுண்ணா?"

நிறைய என்றேன்.

நவம்பர் 12

அந்த "நிறைய" உறுத்திக்கொண்டே இருந்தது. அவளையே கேட்டுவிட்டேன். சிரித்தாள்.

"ஒன்னுகூட இல்ல நைனா. நான் டிஃபென்ஸ். கோல் போட வர்றவளைத் தடுக்கறதுதான் என் வேலை. ஆறு வருஷமா அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க."

ஆறு வருஷம். தவறிக்கூடவா ஒன்று விழவில்லை? ஒரு பல் போயிருக்கிறது. இடது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். இத்தனை அடிபட்டும் கணக்கில் ஒன்றுகூட— கேட்கவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 16

என் மனைவி வசந்தா பரணிலிருந்து சந்தியாவின் பழைய சக்கர ஷூவை எடுத்துத் துடைத்தாள். பத்து வயதில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் முதல் ட்ரிப்பில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து திருப்பதிக்கு ஸ்கேட்டிங் பயிற்சிக்கு வருவாள். பயிற்சி முடிந்து நான் கிளம்பும்போது ஓடிவந்து ஏறிக்கொள்வாள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் முன்பக்கமாகப் பறக்கிறார்கள். இவள் மட்டும் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணு ரிவர்ஸ்ல ரொம்ப நல்லா போவுது சார்" என்றார் பயிற்சியாளர். டிரைவர் மகள் அல்லவா என்று அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு, பனிக்கட்டிமேல் ஆட ஆள் எடுக்கிறார்கள் என்று எல்லைக் காவல் படையில் சேர்ந்தாள். லேவுக்குப் போன முதல் மாதம் நூறு தடவை விழுந்ததாகச் சொன்னாள். வீட்டுக்கு வருகிறேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. என் பெண் அப்படி.

நவம்பர் 22

பேனர் அடிக்க சித்தூரில் சுதீர் கடைக்குப் போனேன். பத்தடி பேனர். நடுவில் சந்தியா, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. மூலையில் எங்கள் எம்பிடிசி மெம்பர், தமிழ்நாட்டில் ஒன்றியக் கவுன்சிலர் மாதிரி, கைகூப்பியபடி. அவர் படம் இல்லாமல் எங்கள் ஊரில் பேனர் நிற்காது.

சுதீர் கம்ப்யூட்டரில் எழுத்துகளை நகர்த்திக்கொண்டே சொன்னான்: "அண்ணா, பேருக்குக் கீழ ஒரு நம்பர் வோணும். இல்லன்னா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. கோல் எத்தினி?"

"பதினேழு" என்றேன்.

ஏன் பதினேழு? இருபது என்றால் பொய் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. வாய் என்னுடையதுதான். யாரைக் குற்றம் சொல்வது?

நவம்பர் 24

குடிபாலா கூட்டு ரோட்டில் பேனர் ஏறிவிட்டது. மேலே தெலுங்கு, கீழே தமிழ். நடுவில் 17, என் கை நீளத்துக்கு. ஊரே நின்று பார்க்கிறது. எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ரூட் அந்த வழிதான். நாளுக்கு நாலு தடவை அதைத் தாண்டவேண்டும். டிரைவர் ரோட்டைப் பார்க்காமல் ஓட்ட முடியுமா?

டிசம்பர் 3

இறக்கிவிடலாம் என்று சுதீரிடம் போனேன். "இறக்கலாம்ணா. மெம்பர் போட்டோவைக் கீழ இறக்கினது யாருன்னு கேட்டா உன் பேரைச் சொல்லட்டா?" என்றான். வந்துவிட்டேன்.

டிசம்பர் 13

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். நானும் வசந்தாவும் போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். முதல் தடவையாக, பந்து மாதிரி ஓடும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை விட்டுவிட்டு சந்தியாவை மட்டும் பார்த்தேன்.

எதிராளி வேகமாக வருகிறாள். இவள் அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் போகிறாள். அவள் வலப்பக்கம் திரும்பினால் இவளும் திரும்புகிறாள். கடைசியில் அவளுக்குப் போக இடமே இல்லை, ஓரத்துச் சுவர்தான். வசந்தா வயல் வேலைக்குப் போனவள். "நாத்து நடறாப்பல பின்னாலயே போய்க்கினு கீறா பாரு. ஒரு அடி தப்பா வெக்கல" என்றாள்.

இரண்டுக்கு ஒன்று என்று நாம் முன்னிலை. கடைசி நிமிஷம். ஒருத்தி முழுப் பலத்தோடு அடித்தாள். சந்தியா குறுக்கே விழுந்தாள். வட்டு விலாவில் பட்டது. எழவில்லை. வசந்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்த தடம் இப்போதும் இருக்கிறது. பிறகு சந்தியா முழங்காலை ஊன்றி எழுந்தாள். எழுந்து, மறுபடியும் பின்னால் போனாள்.

ஜெயித்துவிட்டோம். வெண்கலம். வர்ணனை சொன்னவர் கோல் போட்ட பெண்ணின் பெயரைப் பத்துத் தடவை சொன்னார். என் பெண் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு அப்படிக் கோபம் வந்தது. யோவ், அவ படுக்கலன்னா உனக்கு ஏதுய்யா ஜெயிப்பு?

டிசம்பர் 20

லீவு போட்டு, பக்கத்து வீட்டுக் காரை வாங்கிக்கொண்டு ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தாள். பதக்கத்தை ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். கனமாக இருந்தது.

சித்தூர் தாண்டியதும் உள்ரோட்டில் திருப்பினேன். "ஏன் நைனா இந்தப் பக்கம்?" "ரோடு வேலை நடக்குதும்மா." அதற்குள் மெம்பரிடமிருந்து போன். மேளம், மாலை, சால்வை எல்லாம் கூட்டு ரோட்டில், பேனருக்குக் கீழேயே காத்திருக்கிறதாம். வண்டியைத் திருப்பவேண்டியதாயிற்று.

சால்வைக்குத் தலை குனிந்தவள் நிமிர்ந்து பேனரைப் படித்தாள். எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. அலமாரியில் என் ஷீல்டு இருக்கிறது. இந்த வருஷம் டிப்போவில் கொடுத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள், விபத்து 0. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு சைபருக்குத்தான நைனா ஷீல்டு குடுத்தாங்க? எனக்கு மட்டும் இன்னாத்துக்குப் பதினேழு?"

அவள் தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"என் ஆட்டம் உனக்கு வெக்கமா கீதா?"

இல்லைம்மா, இல்லைம்மா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வாய்க்கு வரவில்லை. பதினேழு என்று சொல்ல மட்டும் வந்ததே.

டிசம்பர் 21

மூன்று வேளையும் சாப்பிட்டாள். அம்மாவோடு பேசினாள்.

டிசம்பர் 22

மறுபடியும் பூதலப்பட்டு. அதே இடம். அந்த டூவீலர்க்காரனை நினைத்துக்கொண்டேன். அந்தக் குழந்தை இன்றைக்கு எங்கேயோ தவழ்ந்துகொண்டிருக்கும். அது எந்தப் பேப்பரில் வந்தது? எந்த பேனரில்? இருபத்திரண்டு வருஷமாக நான் செய்வது அதுதானே. எனக்கே தெரியாமல் போயிற்றே, எனக்கே.

டிசம்பர் 24

நாகபூஷணத்திடம் உண்மையைச் சொன்னேன். டிக்கெட் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு கோல்கூட இல்லியாண்ணா?" என்றான். "ஒன்னுகூட இல்ல" என்றேன். இந்தத் தடவை அழுத்திச் சொன்னேன்.

பிறகு மெம்பர் வீட்டுக்குப் போனேன். உங்கள் படத்தை இரண்டு மடங்காக்குகிறேன் என்றதும் புதுப் பேனருக்குச் சம்மதித்துவிட்டார். அங்கிருந்து சுதீர் கடை. சொன்னதைக் கேட்டு அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அண்ணா, சைபரை யாரன்னா பேனர்ல போடுவாங்களா?"

"போடுப்பா."

"சின்னதா ஓரத்துல போட்டுடட்டா?"

"நடுவுல போடு. பெருசா போடு."

ஜனவரி 4, 2026

சந்தியா இன்றைக்குக் கிளம்பினாள். பேனரைப் பற்றி நான் அவளிடம் வாய் திறக்கவில்லை. நேற்று சாயங்காலம்தான் சுதீர் கட்டினான். வேலூரிலிருந்து பஸ்ஸை ஓட்டி வந்தபோது, பையோடு கூட்டு ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் தடுப்பாட்டம். இந்திய அணி. கோல் 0.

பஸ் நின்றது. அவள் ஏறவில்லை. டிரைவர் பக்கம் வந்து கதவைத் தட்டினாள்.

"இறங்கு நைனா."

"டைம் ஆவுதும்மா."

"இறங்கு."

பின்னாலிருந்து ஒருத்தர், "ஏம்ப்பா, சைபருக்கா பேனர் கட்டிக்கீறாங்க?" என்று கேட்டார். நாகபூஷணம் படியில் நின்றுகொண்டே, ஏதோ பிறந்ததிலிருந்து தெரிந்தவன் மாதிரி, "அது டிஃபென்ஸ் சார், உனக்குத் தெரியாது" என்றான்.

இறங்கினேன். சந்தியா என் காக்கிச் சட்டையின் காலரைச் சரிசெய்து, தோளைப் பிடித்து நகர்த்தி நகர்த்தி, அந்த சைபருக்கு நேர் கீழே என்னை நிறுத்தினாள். பிறகு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். நாகபூஷணம் போட்டோ எடுத்தான்.

திருப்பதி வரை என் பின்சீட்டில்தான் வந்தாள். பஸ் இரண்டு நிமிஷம் லேட்.