பாதி லோடில் ஓர் இடம்

பெங்களூர்
14.2.1961

அன்புள்ள லூர்துராணிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

நேற்று எங்கள் லாரி ஆபீசுக்குத் தொட்டியத்துக்காரர் நல்லதம்பி வந்தார். தங்கைக்குச் சீராகக் கட்டிலும் பீரோவும் அனுப்ப வேண்டும். முழு லாரி பேச அவருக்குக் கட்டாது. பாதி லோடு என்றால் மற்றவர் சரக்கு சேரும்வரை காத்திருக்க வேண்டும். "வியாழக்கிழமை முகூர்த்தம்ங்க" என்று கலங்கினார்.

திருச்சிக்கு முழு லாரி பேசியிருந்த துணி வியாபாரியிடம் நானே போய்க் கேட்டேன். "பின்னாடி இடம் சும்மாதானே கிடக்குதுங்க? தொட்டியம் போற வழிதான்." கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்.

கிளம்பும்போது டிரைவர், "கட்டிலுக்கே இடம் இருக்கு, உங்களுக்கு இல்லையா? ஏறிக்குங்க, காலையில தென்னூர்ல உங்க வீட்டு வாசல்ல இறக்கி விடறேன்" என்றார். விளையாட்டாகப் படியில் கால் வைத்தேன். முக்கொம்பில் ஆற்றுக்குள் புடவை நனைய நின்று நீ என்னைக் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. காலை எடுக்க மனமில்லை. மேனேஜர் கூப்பிட்டதும் இறங்கிவிட்டேன். லாரி போய்விட்டது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தலையணை உறை ஒன்றும் வேண்டும். புதியது வாங்காதே, உன் தலையணையில் இருப்பதே போதும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன்
தைரியராஜ்