மாங்காட்டுப் பெரியம்மா வீடு

வேப்பம்பட்டு ஸ்டேஷன் தோப்பு,
12-9-1943

தம்பி பரந்தாமனுக்கு அக்கா தாட்சாயிணியின் ஆசீர்வாதம்.

நீ நலமா? ஆவடிப் பக்கம் நம் ஊரையே பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகு இந்த மாந்தோப்பில்தான் கிடக்கிறோம். குழந்தை ராணிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மழைக்கு முன் ஒரு கூரை கிடைக்காவிட்டால் பிள்ளை தக்க மாட்டாள். உன் ரூமிலோ ஆறு பேர். இடம் இருந்தாலும் அவர் மைத்துனன் படியேற மாட்டார். வீடில்லாதவர்களைப் பற்றி உங்கள் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறீர்களாமே. அதில் பேர் வந்தால் திருவேற்காட்டில் கொட்டகை தருவார்களாம். இத்தனை படித்து என்ன கிழித்தாய் என்று கேட்க வைக்காதே, சீக்கிரம் வா.

அக்கா,
தாட்சாயிணி

சென்னப்பட்டணம்,
16-9-1943

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

ஞாயிறன்று நானே வருகிறேன். எங்கள் பேராசிரியர் வைத்த முறை இது: குடும்பத் தலைவரைத்தான் கேட்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி. சொன்னதை அப்படியே எழுத வேண்டும், எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது. மாமா உள்ளதைச் சொன்னால் போதும், கொட்டகை நிச்சயம். ராணிக்குப் பொரி உருண்டை வாங்கி வருகிறேன்.

உன் தம்பி,
பரந்தாமன்

வேப்பம்பட்டு,
20-9-1943

தம்பி,

இப்படி எழுதவும் எனக்குத் தலையெழுத்தா! நீ வருகிறாய் என்றதும் அவர் அடுப்புக் கல்லைக் கலைத்தார், துணி மூட்டையைப் புதரில் ஒளித்தார். உன் எதிரே வந்து, "வா மச்சான்! ஊட்டுக்கு இன்னா கொறச்சல்? மாங்காட்டுல பெரியம்மா ஊட்டுல கீறோம். சும்மா காத்தாட வந்து குந்திகினு கீறோம்" என்றார். பெண் கொடுத்த வீட்டு ஆள் முன்னால் எந்த ஆம்பிளை எனக்கு வீடில்லை என்பான்? உன் முன் அவரைப் பொய்யராக்க எனக்கும் வாய் வரவில்லை.

ஆனால் நீ? மாங்காட்டில் அவருக்குப் பெரியம்மாவே கிடையாது என்று தெரிந்தும் எழுதிக்கொண்டாயே, படுபாவி! உன் பொரி உருண்டையை ராணியால் விழுங்கக்கூட முடியவில்லை. உன் காலில் விழுகிறேன், மாற்றி எழுது.

அக்கா

சென்னப்பட்டணம்,
4-10-1943

அக்கா,

பேராசிரியரிடம் அழுதே விட்டேன். சொந்தக்காரர் பதிலை மாற்றினால் மற்ற பதில்களை யார் நம்புவார் என்கிறார். விடாமல் சண்டை போட்டு ஒன்றுக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இனி யாரையும் கேட்கப் போவதில்லை. அடுப்பு எங்கே எரிகிறது, துணி எங்கே காய்கிறது, பிள்ளை எங்கே தூங்குகிறது என்று கண்ணால் பார்த்து எழுதப் போகிறோம். சனிக்கிழமை வருகிறேன். மாமாவிடம் சொல்லிவிடாதே. என்னைத் திட்டு, ஆனால் அதுவரை அங்கேயே இரு.

பரந்தாமன்

7-10-1943

பரந்தாமனுக்கு,

உன் கடிதம் வந்தபோது ராணி இல்லை. விடாத மழை. அவரே குழி வெட்டினார். அப்புறம் துணி மூட்டையைக் கட்டினார். நாங்கள் கிளம்புகிறோம். எந்த ஊருக்கு என்று கேட்டு வராதே. கேட்டால் அவர் மறுபடியும் எதையாவது சொல்வார், நீ எழுதிக்கொள்வாய்.

சனிக்கிழமை தோப்புக்கு வா. கிணற்றுக்குத் தெற்கே அடுப்புக் கல் மூன்றையும் கலைக்காமல் விட்டிருக்கிறேன். பக்கத்தில் சின்னதாக ஒரு மண்மேடு இருக்கும். பிள்ளை எங்கே தூங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டுமாமே. பார்த்து எழுதிக்கொள்.

தாட்சாயிணி