தமிழில் சொன்ன உறுதிமொழி

வெள்ளிக்கிழமை இரவு, நியூ டவுன்

இன்று எனக்கும் அனிர்பானுக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய கைத்தறிப் புடவை, இரண்டு மாலை, சாட்சிக்கு அலுவலக நண்பர்கள் மூவர். அதற்குத்தான் எங்களிடம் பணம் இருந்தது. மண்டபம்கூட இல்லாமல் என்ன கல்யாணம் என்று அம்மாவுக்குக் கோபம். நேற்றுவரை அனிர்பானிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றும் திருநெல்வேலியிலிருந்து வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டினாள்.

உறுதிமொழியைத் தெரிந்த மொழியில் சொல்லலாம் என்றார் பதிவாளர். அம்மா கேட்க வேண்டும் என்று அனிர்பான் தமிழில் சொல்லப் பழகியிருந்தான். என்னைப் பார்த்து, "நான் உன்னைச் சட்டப்படி கணவனாக ஏற்கிறேன்" என்றான்.

பதிவாளருக்குத் தமிழ் தெரியாது. தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. இது செல்லுமா என்று பயமும் வந்தது.

அப்போது போனிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "மாப்பிள்ளை, கணவன் இல்ல. மனைவின்னு சொல்லுங்க."

அவன் திருத்திச் சொன்னான். கையெழுத்துப் போட்டோம்.

சாயங்காலம் அம்மாவை அழைத்தேன். மாப்பிள்ளை என்று வாய்தவறி வந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன், பயமாக இருந்தது. அவளே, "அவரு சாப்பிட்டாரா?" என்றாள்.

"நீயே கேளும்மா" என்று போனை அவனிடம் கொடுத்துவிட்டேன்.